மூச்சுக்கு வந்த வழக்கு

பதினொரு மில்லியன் நானூற்று எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது லீரா. இவ்வளவையும் அறுபது நாளைக்குள் திருப்பிக் கட்டச் சொல்லிக் காப்புறுதிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. கட்ட வேண்டியவர் கலோஜெரோ. வயது எழுபத்து நாலு. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்கே இடையில் ஒரு கதிரை போட்டு, அதில் இருந்து மூச்சு வாங்கிப் போகிற மனுசன்.

கடிதத்தை வாசித்தவள் அவருடைய மனைவி எமிலியானா. வாசித்துவிட்டு அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு சமையலறை வாசலில் ஈரத் துணியோடு நின்ற அற்புதமலரைப் பார்த்து, "பிள்ளை, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வா" என்றாள்.

எமிலியானா பேசுவது பலேர்மோத் தெருக்களின் சிசிலியன். ஐந்து வருசப் பழக்கத்தில் அது மலரின் காதுக்குள் போகும்போதே மன்னார்த் தமிழாகத் திரும்பிவிடும். இங்கே அவர்கள் பேசுவதெல்லாம் அவள் கேட்டபடிதான்.

மலர் பேசாலைக்காரி. சண்டைக்குள்ளிருந்து தப்பி, எங்கெங்கோ சுற்றி, தொண்ணூற்றிரண்டில் பலேர்மோவுக்கு வந்தவள். புருசன் அகஸ்ரின் லிபெர்த்தாத் தெருவில் பணக்காரர் இருக்கிற மாடிகளின் படி கழுவுகிறவன். மலர் சீசா என்கிற பகுதியில் இந்தக் கிழவரும் கிழவியும் இருக்கிற இரண்டாம் மாடி வீட்டுக்கு வேலைக்கு வந்தது தொண்ணூற்றைந்து வசந்தத்தில். அவளுக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிறதுக்கான அனுமதிக் கடதாசி, கிடைக்கக் கையெழுத்து வைத்ததும் எமிலியானாதான். கந்தோரில் வரிசையில் நின்று, "இவ என்ர வீட்டிலை வேலை செய்யிறா, இல்லையெண்டு ஆர் சொல்லுறது" என்று மேசையில் தட்டினவள்.

கலோஜெரோ இருபத்து நாலு வயதில் பெல்ஜியத்துக்குப் போனவர். அந்த நாளில் இத்தாலி ஆளைக் கொடுத்து நிலக்கரி வாங்கியது. பதினேழு வருசம் நிலத்துக்குக் கீழே கரி வெட்டினார். அந்தக் கரி அவருடைய நெஞ்சுக்குள்ளும் குடியேறிற்று. ஊருக்குத் திரும்பிப் பல வருசம் கழித்து, நெஞ்சுப் படத்தைப் பார்த்த ஒரு டொக்டர், இது சுரங்கத்து வருத்தம் என்று எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் எழுபது வீதம் நாசம் என்று கணக்குப் பண்ணி மாதாமாதம் காசு கொடுத்து வந்தது. அந்தக் காசில்தான் அந்த வீட்டு வாடகை, மருந்து, மலரின் சம்பளம் எல்லாம்.

கடிதம் சொன்னது வேறு. நோயாளியை இரண்டு தரம் வீட்டில் போய்ப் பார்த்ததில், மூச்சு இலேசாக இருக்கிறது, சளி இல்லை, முகம் தெளிவு, கருவியில் ஊதும் பலம் நன்று. ஆகையால் நாசம் நாற்பது வீதம். முதல் தரம் பார்த்த மாதத்திலிருந்தே கூடக் கொடுத்துவிட்டோம், கூடின காசைத் திருப்பித் தாருங்கள்.

"முகம் தெளிவு" என்று எமிலியானா வாசித்தபோதுதான் மலர் கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே வைத்தாள். அந்த முகத்தைத் தெளிய வைத்தவள் அவள்தானே.

*

கிழவரின் காலை எப்படியென்று சொல்ல வேண்டும்.

இருட்டோடு முதல் பஸ்ஸில் மலர் வருவாள். கிழவர் அப்போது மூன்று தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, கரையில் போட்ட பாரை மீன் மாதிரி இழுத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் தோட்டம் கூட்டப் போகும் அகஸ்ரின் அங்கிருந்து யூக்கலிப்ரஸ் இலை கட்டிக்கொண்டு வருவான். அதை அவித்து, தலைக்கு மேலால் போர்வை போட்டு ஆவி பிடிக்க வைப்பாள். பிறகு வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்து, இடுப்பிலிருந்து தோள்வரை முதுகைத் தட்டிக்கொண்டு போவாள். கை கழன்று விழும்போல நோகும். கிழவர் இருமுவார். எனாமல் கோப்பைக்குள் சளி விழும். மை போலக் கறுப்பு. முதல் தரம் பார்த்தபோது அவள் கும்பிட்டுவிட்டாள். சுரங்கத்தை விட்டு முப்பது வருசத்துக்கு மேலாகியும் கரி இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது.

அதுக்குப் பிறகு மல்லி, இஞ்சி போட்ட குடிநீர். உடம்பு துடைப்பு. நெஞ்சில் கோடாலித் தைலம். கடைசியில் சவரம். எல்லாம் முடிய வெயில் பல்கனிக்கு வந்துவிடும். கிழவர் மத்தியானம்வரை மனுசராக இருப்பார். பேப்பர் வாசிப்பார், எமிலியானாவோடு உப்புக் காணாதென்று சண்டை பிடிப்பார். மத்தியானம் திரும்பினால் நெஞ்சு பழையபடி அடைக்கத் தொடங்கும்.

டொக்டர் வருகிறார் என்று அறிவித்தல் வந்தால் மலருக்கு வேலை இரட்டிப்பு. பேசாலையில் மாத முதல் வெள்ளி சுவாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு வருவார். அன்றைக்கு நோயாளி கிடக்கிற அறையைக் கூட்டிக் கழுவி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி வைத்து, நோயாளியைக் குளிப்பாட்டித் தலை இழுத்து, துவைத்த உடுப்புப் போட்டு இருத்தி வைப்பார்கள். நோயாளி நோயாளி மாதிரிக் கிடந்தால் அது வீட்டுப் பெண்களுக்குத்தான் வெட்கம். மலருக்குத் தெரிந்த மரியாதை அது. அரசாங்கத்து டொக்டர் என்றால் சுவாமியாருக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

இரண்டு தரமும் அப்படியே செய்தாள். தண்ணீர் வராத நாளென்றால் முதல் நாளே வாளிகளில் பிடித்து வைத்தாள். எனாமல் கோப்பையை உமி போட்டுத் துலக்கினதுபோலத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள். எமிலியானா பாதாம் பிஸ்கட் தட்டோடு நின்றாள். டொக்டர் மூச்சின் பலம் காட்டும் ஊசி வைத்த ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார். கிழவர் முறைத்துக்கொண்டு ஊதினார். பக்கத்தில் நின்று மலர், "இன்னும் ஊதுங்கோ சின்யோர், இன்னும் கொஞ்சம்" என்று பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கிற தாய் மாதிரித் தவித்தாள். டொக்டர் போனதும் மூன்று பேரும் சந்தோசப்பட்டார்கள். எமிலியானா மிச்சப் பிஸ்கட்டை மலருக்குச் சுற்றிக் கொடுத்தாள். கிழவர், "பார்த்தியளோ, டொக்டரின்ர ஊசி ஆடின ஆட்டத்தை" என்றார்.

அந்த ஊசி ஆடின ஆட்டத்துக்குத்தான் பதினொரு மில்லியன்.

*

தொழிலாளருக்குக் கடதாசி வேலை செய்து கொடுக்கும் சங்கக் கந்தோரில் இருந்தவர் பெயர் ரொசாரியோ. தமிழில் செபமாலை. மலர் வீட்டில் அப்படித்தான் சொல்லுவாள். கொழுத்த மனுசன், காதுக்குப் பின்னால் ஒரு பேனை, மேசையில் கடித்து வைத்த பாண். எமிலியானா கதையைச் சொல்லச் சொல்ல அவர் நெஞ்சுப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படம் அப்படியேதான் இருக்குது. கல்லு கரையாது, கரியும் கரையாது. ஆனால் மூச்சு நல்லாயிருக்கெண்டு ரெண்டு பேர் எழுதியிருக்கினம். இவரை ஆர் வெளிக்கிடுத்தினது?"

"நான்தான்" என்றாள் மலர்.

"என்னெண்டு?"

அவள் சொன்னாள். இலை, போர்வை, தட்டு, குடிநீர், சவரம். ரொசாரியோ நடுவில் பேனையை எடுத்தார், பிறகு எழுதாமல் வைத்துவிட்டார்.

"சின்யோரா, என்னட்டை வாறவையை நான் வாசலிலையே திருப்பி அனுப்புறனான். போய் ரெண்டு நாள் சவரம் செய்யாமல் வாங்கோ எண்டு. நல்ல உடுப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ எண்டு. நீங்கள் வருத்தக்காரனைக் கலியாண மாப்பிளையாக்கி விட்டிருக்கிறியள்."

"வீட்டுக்கு ஆள் வரேக்கை வேற என்ன செய்யிறது?" என்றாள் மலர்.

அவர் சிரிக்கத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "சரி. வழக்குப் போடுவம். நீதவான் தன்ர ஆளாய் ஒரு டொக்டரை அனுப்புவார். அவர் என்ன எழுதுறாரோ அதுதான் தீர்ப்பு. அந்தாள் வாற நாள் இவருக்கு ஒண்டும் செய்யக்கூடாது. விளங்குதோ? ஆவியுமில்லை, தட்டுமில்லை, தண்ணியுமில்லை. எழும்பினபடி கிடக்கட்டும்."

"அவருக்கு மூச்சு அடைக்குமே."

"அதைத்தானே அவர் பார்க்க வேணும்" என்றார் செபமாலை.

படி இறங்கும்போது எமிலியானா மலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன்னைக் குறை சொல்லமாட்டன் பிள்ளை. பிஸ்கட் சுட்டது நான்தானே" என்றாள். அந்த மாதத்திலிருந்து மலரின் சம்பளம் பாதியாயிற்று. அவள் முன்போலவே முதல் பஸ்ஸில் வந்தாள்.

*

வழக்கு ஒரு வருசத்துக்கு மேல் இழுபட்டது. ஒரு தவணைக்கு நீதவான் வரவில்லை, இன்னொரு தவணைக்குக் கந்தோருக்காக வாதாடுகிற அப்புக்காத்து வரவில்லை. தொண்ணூற்றெட்டு வைகாசியில்தான் நீதிமன்ற டொக்டர் வருகிற நாள் குறிக்கப்பட்டது.

அதற்கு முந்தின ஞாயிறு, மலரின் வீட்டில், அதே வீட்டில் மற்ற அறையில் வாடகைக்கு இருக்கிற யோசப்பின் என்கிற பெண் சாளை மீன் கிள்ளிக்கொண்டிருந்தாள். அகஸ்ரின் கதவடியில் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். நாள் முழுக்கப் படி கழுவுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் முழங்கால் ஞாபகம் வரும்.

"மலரக்கா, உதுக்குப்போய் யோசிக்கிறியளே" என்றாள் யோசப்பின். "ஒரு நாள் சும்மா இருக்கக் காசு தருகினம். எங்கட மடாம் நான் இருமினாலும் சம்பளத்திலை வெட்டுறா."

"சும்மா இருக்கிறது லேசில்லையடி. கண்ணுக்கு முன்னாலை கிடந்து இழுக்கேக்கை."

"அப்ப அண்டைக்குப் போகாதேங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"நான் போகாட்டில் மனுசி தன்ர மெலிஞ்ச கையாலை ஆவி பிடிக்க வைப்பா. அவவாலை பார்த்துக்கொண்டிருக்கேலாது. நான் அங்கை நிண்டால்தான் அவவையும் மறிக்கலாம்."

"நல்ல ஞாயம்" என்றான் அகஸ்ரின். "வருத்தம் பார்க்கப் போன ஆள் இப்ப காவல் நிக்கப் போறா."

"வேற வழியைச் சொல்லுங்கோவன்."

"என்னட்டை எங்கை வழி. நான் படிதான் கழுவுறன். ஒண்டு மட்டும் சொல்லுறன், கேளும். கிழவரிட்டைக் கேட்டனீரோ?"

மலர் மீன் தலைகளைப் பேப்பரில் சுற்றினாள்.

"கேட்கேல்லைப் போலை" என்றாள் யோசப்பின், மெதுவாக.

அடுத்த நாள் கேட்டாள். சவரம் செய்து முடித்து, துவாயால் முகத்தை ஒற்றிக்கொண்டே, செபமாலை சொன்னதைச் சொன்னாள். கிழவர் அவளுடைய கையை விலக்கினார்.

"ஏலாது."

"ஒரே ஒரு நாள் சின்யோர்."

"நீ ஒண்டைக் கேள் பிள்ளை." அவருக்கு நீளமாகக் கதைக்க முடியாது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "பெல்ஜியத்திலை எங்களுக்கு வீடு தரமாட்டினம். கதவிலை எழுதி வைப்பினம். நாயும் வேண்டாம், வெளியாளும் வேண்டாம். ஊத்தையள் எண்டு. நாங்கள் மேலை வந்தால் குளிக்கிற மண்டபம். முகட்டிலை இருந்து சங்கிலி. சங்கிலியிலை எங்கட நல்ல உடுப்புத் தொங்கும். ஆளுக்காள் முதுகு தேய்ச்சுவிடுவம். நகத்துக்குள்ளை ஊசியாலை கிண்டுவம். பதினேழு வருசம். ஒரு நாளும் நான் கரியோடை தெருவிலை இறங்கினதில்லை. இப்ப கந்தோர்க்காரன் வரேக்கை ஊத்தையாய்க் கிடக்கச் சொல்லுறியோ?"

"அது கந்தோர் ஆள் இல்லை. நீதவான்ர ஆள்."

"அப்ப இன்னும் மோசம்" என்றார் கலோஜெரோ.

எமிலியானா வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். சமையலறைக்கு வந்து, கதவைச் சாத்தி, "அவரைக் கேட்டு முடியாது. அவர் செத்தால் எனக்கு இந்தக் கடன்தான் மிஞ்சும். இந்த வயசிலை நான் படி கழுவவோ?" என்றாள். உடனே, மலரின் புருசன் செய்வது அந்த வேலைதான் என்று நினைவு வந்து, அவளுடைய முதுகைத் தடவினாள். "நீ செய் பிள்ளை. என்ர கண்ணுக்கு முன்னாலை செய்யாமல் செய்" என்றாள்.

செய்யாமல் செய்வது. அப்படியொரு வேலையை மலர் இதுக்கு முதல் செய்ததில்லை.

*

அன்றைக்குச் சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து மணலோடு வருகிற சுடுகாற்று. யன்னல் பூட்டினால் அவியும், திறந்தால் புழுதி. பல்கனித் துணிகள் எல்லாம் மஞ்சள். நல்ல நெஞ்சுக்காரரே அன்றைக்கு இருமினார்கள்.

மலர் வந்தபோது கிழவர் விழித்திருந்தார். முதல் நாள் காலையில் அவள் முகம் வழிக்கவில்லை, பின்னேரம் முதுகும் தட்டவில்லை. நரைத் தாடி உப்புப் பூத்ததுபோல நின்றது. அவர் போர்வையை விலக்கிக்கொண்டு, ஆவிக்குத் தலையைக் குனிந்தார். பழக்கம்.

"தண்ணி இன்னும் கொதிக்கேல்லை சின்யோர்" என்றாள் மலர். அடுப்பில் தண்ணீரே வைக்கவில்லை.

டொக்டர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. ஒன்பது போயிற்று. கிழவர் இருமினார். கோப்பைக்குள் விழ வேண்டியது உடுப்பின் நெஞ்சுப் பக்கத்தில் விழுந்தது. மலர் துணியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கறுப்பு அந்த உடுப்பில் காய்ந்து கொண்டிருந்தது.

"பிள்ளை, முதுகு" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

சமையலறையில் போயிருந்து கறிக்குப் போஞ்சிக்காய் முறித்தாள். பத்து, பத்தரை. கீழே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். டொக்டரைக் காணவில்லை. கிழவரின் மூச்சுச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது, கிழிந்த கொட்டகையில் காற்று அடிக்கிறது போல. இரண்டாம் தரம் கூப்பிட்டார். எமிலியானா கைகளைப் பிசைந்துகொண்டு நடந்தாள். பதினொன்றரைக்கு அவள் பொறுக்க மாட்டாமல் சட்டியைத் தூக்கித் தண்ணீர்ப் பைப்பைத் திறந்தாள்.

"போதும் பிள்ளை. கடன் கிடக்கட்டும். அவிச்சுக் குடு."

மலர் எழுந்து பைப்பைப் பூட்டினாள். சட்டியைக் கிழவியின் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

"இவ்வளவு நேரம் அவர் பட்டது வீணாய்ப் போகும் சின்யோரா. இப்ப குடுத்தால், அந்தாள் வரேக்கை முகம் தெளிஞ்சிடும்."

எமிலியானா கதிரையில் இருந்துவிட்டாள். அந்த வீட்டில் மலர் எசமானியின் கையிலிருந்து ஒரு பொருளைப் பறித்தது அதுதான் முதல் தரம். தனக்கா இந்தக் கல்நெஞ்சு வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. போஞ்சி முறிக்கிற கை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் தரம் கிழவர் கூப்பிடவில்லை.

மத்தியானம் திரும்பித்தான் டொக்டர் வந்தார். மெலிந்த, அமைதியான மனுசன். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றுவீதியில் விபத்து, வாகனம் நகரவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். அறைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் நின்றார். வியர்வையும் சளியும் மூத்திரமும் சேர்ந்த மணம். கிழவரின் உதடு நாவற்பழம் தின்றது போல நீலம். அவர் நடுங்குகிற விரலால் உடுப்பின் மேல் பொத்தானைப் பூட்டப் பார்த்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை.

"மன்னியுங்கோ டொத்தோரே" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "இண்டைக்கு, என்னை, ஒருத்தரும், கழுவேல்லை."

டொக்டர் குழாயை நீட்டினார். கிழவர் வாயில் வைத்தார். ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது. டொக்டர் நெஞ்சில் காது வைத்தார், முதுகில் வைத்தார், நகங்களைப் பார்த்தார், எழுதினார். மலரைக் கேட்டார். அவள் முந்தின இரண்டு தரமும் நடந்ததைச் சொன்னாள். இன்றைக்கு நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டு அதையும் எழுதினார். கோபிக்கவுமில்லை, மெச்சவுமில்லை. "சரி, இனி உங்கட வேலையைப் பாருங்கோ, கெதியாய்" என்றுவிட்டுப் படி இறங்கினார்.

மலர் ஓடினாள். தண்ணீர் கொதிக்க வைத்து இலை போட்டு, சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து, போர்வையை எடுத்தாள். கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சின்யோர், ஆவி."

"எமிலியானா வரட்டும்" என்றார்.

*

அதற்குப் பிறகு அவர் மலருக்கு முதுகு கொடுக்கவில்லை.

கோபமாகப் பேசினார் என்று சொல்ல முடியாது. சூப் கொண்டுபோனால் நன்றி சொன்னார். யன்னலைச் சாத்தச் சொன்னார். அகஸ்ரினின் முழங்காலை விசாரித்தார். ஆனால் கழுவ, துடைக்க, வழிக்க, தட்ட, எல்லாத்துக்கும் மனைவி வேண்டும். எமிலியானாவுக்கு எழுபது வயது, கைகளில் வாதம். அவள் தட்டுவது பூனை தட்டுவது போல. சளி அசையவில்லை. மலர் வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழை, கையைக் குழிச்சுத் தட்டுங்கோ சின்யோரா" என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். தன் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரனுக்குள் வைத்துக்கொள்வாள்.

ஒரு பின்னேரம் எமிலியானா மருந்துக்கடைக்குப் போன நேரம், மலர் கட்டிலடியில் முழங்காலில் இருந்தாள்.

"என்னை ஏசுங்கோ சின்யோர். ஏசிப்போட்டு முதுகைத் தாங்கோ."

கிழவர் கனநேரம் மூச்சைச் சேர்த்தார்.

"நீ செய்தது சரி. காசுக்குச் சரி."

"பிறகென்ன?"

"அண்டைக்கு நான் உன்னை மூண்டு தரம் கூப்பிட்டனான்."

"ரெண்டு தரம் சின்யோர். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

"மூண்டாந்தரம் சத்தம் வரேல்லை" என்றார் கலோஜெரோ.

மலர் எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கழுவினாள்.

ஆனி மாதம், புனித அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த கிழமை, விடியக்காலையில் அவள் கதவைத் திறக்கும்போதே வீடு அமைதியாக இருந்தது. எத்தனையோ வருசமாக அந்த வீட்டில் ஓயாமல் கேட்ட சத்தம் நின்றிருந்தது. எமிலியானா கட்டிலருகே கதிரையில் இருந்தாள். "வா பிள்ளை. என்ர கைக்கு ஏலாது. நீதான் செய்ய வேணும்" என்றாள்.

மலர் தண்ணீர் சுட வைத்தாள். செத்தவருக்குச் சுடுதண்ணி எதற்கென்று யோசிக்கவில்லை. கழுத்தின் மடிப்பு, காதின் பின்புறம், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் துடைத்தாள். முகத்துக்கு நுரை பூசி, தோலை இழுத்துப் பிடித்து வழித்தாள். முதுகைத் துடைக்கத் திருப்பியபோது கை தன்பாட்டில் குழிந்தது. அந்தக் கையை விரித்து, துணியை எடுத்து, துடைத்து முடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டுப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். பார்க்க வந்த சீசாச் சனமெல்லாம், வருத்தக்காரன் மாதிரியே இல்லை, எழும்பி வருவார் போலக் கிடக்கிறார் என்றார்கள். வழக்கமாகச் சொல்லுகிற சொல்தான். மலர் அதைக் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

*

தீர்ப்பு வந்தது மார்கழியில். ரொசாரியோ தானே இரண்டு மாடி ஏறி, இளைக்க இளைக்க வந்து, சாப்பாட்டு மேசையில் கடதாசிக் கட்டை வைத்தார். எமிலியானா கறுப்பு உடுத்திருந்தாள். மலர் கிழமையில் இரண்டு நாள் மட்டும் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்படியொரு நாள். கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"வெண்டிட்டம் சின்யோரா" என்றார் ரொசாரியோ. வென்றவர் மாதிரி அவர் குரல் இல்லை. "எண்பது வீதம் நாசம் எண்டு நீதவான் ஏற்றுக்கொண்டிட்டார். வெட்டின காசு திரும்பி வரும். உங்களுக்கு விதவைச் சம்பளமும் உண்டு. அந்தக் கடன் முழுக்க ரத்து."

"என்னெண்டு எழுதியிருக்கு? வாசியுங்கோ."

"அது பெரிய எழுத்து வேலை. விட்டுத்தள்ளுங்கோ."

"வாசியுங்கோ" என்றாள் எமிலியானா.

ரொசாரியோ கண்ணாடியைப் போட்டார். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "நிபுணர் கண்டபடி, நோயாளி சவரம் செய்யப்படாத முகத்துடனும், கறுத்த சளி காய்ந்த உடுப்புடனும், உடல் நாற்றத்துடனும், தன் உடுப்பின் பொத்தானைத் தானே பூட்ட இயலாத நிலையிலும் காணப்பட்டார். முந்திய பரிசோதனைகள் நோயாளி நன்கு பராமரிக்கப்பட்ட வேளையில் நடந்தவை என்பதால் அவற்றை ஏற்க முடியாது." அவர் நிறுத்தினார். "இதாலைதான் வெண்டது."

சமையலறையில் குளிர்பெட்டி உறுமிவிட்டு நின்றது.

"நாற்றம் எண்டு இருக்கோ?"

"இருக்குது சின்யோரா."

"அந்த ஒரு சொல்லை எடுக்கேலாதோ?"

"தீர்ப்பிலை ஒண்டும் எடுக்கேலாது. எடுக்கப்போனால் பிழை பிடிச்சுக் கந்தோர்க்காரன் திரும்பவும் வருவான். கடனும் வரும்."

"ஆர் ஆர் வாசிப்பினம்?"

"இனி ஒருத்தரும் வாசிக்காயினம். முத்திரை குத்தி அலுமாரிக்குள்ளை போட்டிடுவினம்."

"அப்ப அலுமாரி இருக்குமட்டும் அவர் அப்படியே கிடப்பார்" என்றாள் எமிலியானா.

ரொசாரியோ கோப்பியைக் குடித்தார். சீனி போட மறந்துவிட்டார். அவள் மலரின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு பிள்ளை. மூண்டு வருசமாய் அவரைத் தொட்டுக் கழுவினவள் நீ. அவர் நாறின மனுசனோ?"

"இல்லை சின்யோரா. ஒரு நாளும் இல்லை."

"அண்டைக்கு?"

மலர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல வாய் வந்தது. கிழவியின் கண் அதை வேண்டாம் என்றது.

"அண்டைக்கு ஓம்" என்றாள்.

எமிலியானா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு பேனையைக் கேட்டாள். ரொசாரியோ காதிலிருந்து எடுத்துக் கொடுத்து, தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் கடதாசியில் விரலால் இடத்தைக் காட்டினார். அவள் வாதம் பிடித்த கையால், ஒவ்வொரு எழுத்தாக, கலோஜெரோவின் விதவை என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

பதினொரு மில்லியன் நானூற்று எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது லீராவும் அதோடு இல்லையென்று ஆயிற்று.